அளவும் அளவின்மையும்: திருவதிகை காட்டும் அறம்

முன்னுரை

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது எழுத்தறியாதவரும் அறிந்த பழமொழி. உணவிலும் உறக்கத்திலும் பேச்சிலும் செலவிலும் மிகை கண்டவிடத்து மூத்தோர் இளையோர்க்குக் கூறும் முதல் அறிவுரை இதுவே. மிகையும் வேண்டா, குறையும் வேண்டா, இடைப்பட்டதே நன்று என்னும் இக்கருத்து அறவாழ்வு முழுமைக்கும் வழிகாட்டியாகுமா? ஆகுமெனின், இரக்கத்திலும் வாய்மையிலும் அடிமைப்பட மறுக்கும் உறுதியிலும்கூட அளவோடு நிற்பதுதான் அறமா? ஆகாதெனின், அளவைக் கடந்த செயல்களுள் எது அறம், எது கொடுமை என்று எதனைக் கொண்டு பிரித்தறிவது?

இவ்வினாக்களை வெறும் தத்துவ வாதமாக நிறுத்தாமல், ஒரு மண்ணின் வரலாற்றில் வைத்து ஆராய்வது பயன் தரும். அதற்குக் கெடிலக் கரையில் அமைந்த திருவதிகை தக்க களமாகும். பண்ணுருட்டியை அடுத்துள்ள இவ்வூர், சைவர் போற்றும் அட்ட வீரட்டானங்களுள் ஒன்று. தமிழ்ச் சமய வரலாற்றின் பெருந்திருப்பம் ஒன்று கி.பி. ஏழாம் நூற்றாண்டில் நிகழ்ந்த இடமாக மரபு இதனைப் போற்றுகிறது. அத்திருப்பத்தின் நடுவே ஒரு தமக்கையும் ஒரு தம்பியும் ஒரு மன்னனும் ஒரு சமணப் பள்ளியும் நிற்கக் காண்கிறோம். இவர்கள் யாவரும் ஏதேனும் ஒரு வகையில் அளவைக் கடந்தவர்களே. ஆயினும் ஒரே வகையில் கடந்தவர்கள் அல்லர். அவ்வேறுபாட்டைத் தெளிந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுவும் நடுவுநிலைமையும்

நற்பண்பு என்பது இரு தீமைகளுக்கு இடைப்பட்டது என்னும் கொள்கையை வகுத்தும் தொகுத்தும் உரைத்தவர் கி.மு. நான்காம் நூற்றாண்டினரான கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். கோழைமைக்கும் கண்மூடித் துணிவுக்கும் இடைப்பட்டது வீரம். கருமித்தனத்திற்கும் ஊதாரித்தனத்திற்கும் இடைப்பட்டது ஈகை என்பது அவர் காட்டும் முறை. அவர் கூறிய நடு, அளவுகோலை வைத்துக் காணும் நடுப்புள்ளியன்று. மற்போர் பழகத் தொடங்குபவனுக்கு மிகுதியாகும் உணவு, மைலோ என்னும் பெருமல்லனுக்குப் போதாது என்பது அவர் தரும் சான்று. ஆளுக்கும் காலத்திற்கும் காரணத்திற்கும் ஏற்ப நடு மாறும். அவர் அக்கொள்கைக்கு ஓர் எல்லையும் இட்டார். பொறாமை, களவு, கொலை போன்றவற்றில் நடு என்பதே இல்லை. அவை பெயரளவிலேயே தீயன. அளவோடு செய்தாலும் தீமையே என்பது அவர் கருத்து. பிற்காலத்தார் நடுவழியை நினைவிற் கொண்டு, அதற்கு அவரே இட்ட வேலியை மறந்தனர்.

புத்தர் பெருமான் உரைத்த இடைவழியும் இத்தகையதே. இன்ப நுகர்ச்சியில் மூழ்குதலும் உடலை வருத்தி ஒடுக்குதலும் ஆகிய இரண்டையும் விலக்கிய அவர், உயிர்க்கொலையில் இடைவழி ஒன்று உண்டெனக் கூறவில்லை.

திருவள்ளுவரிடம் இப்பகுப்பு இன்னும் நுட்பமாக அமைந்துள்ளது. 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' முழுவதும் அளவின் புகழே பேசுகிறது. செரித்தது அறிந்து, பசித்த பின், அளவறிந்து உண்ணுதலே அங்கு மருத்துவம். ஆனால் 'கள்ளுண்ணாமை', 'புலான் மறுத்தல்', 'கொல்லாமை' ஆகியவற்றின் தலைப்புகளே எதிர்மறையாய் நிற்கின்றன. அவற்றைச் சிறிதளவு செய்யலாம் என்னும் இசைவு அங்கு இல்லை. 'கள்ளாமை' அதிகாரத்தில் அளவு என்னும் சொல் களவுக்கு எதிர்ச்சொல்லாகவே வருகிறது. ஆங்கு அளவாவது, இடைப்பட்ட ஓர் எண்ணன்று. தனக்குரியது இன்னது என்று அறிந்து நிற்கும் தெளிவு.

ஈகையில் வள்ளுவர் கொண்ட நிலை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பொருட்பாலில் 'வலியறிதல்' அதிகாரத்தின் இறுதிக் குறள் (480), உள்ள அளவை ஆராயாது செய்யும் ஒப்புரவால் செல்வம் விரைந்து கெடும் என எச்சரிக்கிறது. அறத்துப்பாலில் 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தின் இறுதிக் குறளோ (220), ஒப்புரவால் கேடு வருமெனின் அக்கேட்டைத் தன்னை விற்றேனும் பெறலாம் என்கிறது. மேலோட்டமாகப் படிப்பார்க்கு இஃது முரணாகத் தோன்றும். முன்னது அரசியலில், மன்னனை நோக்கிக் கூறப்பட்டது. பின்னது இல்லறத்தானை நோக்கியது என்பதை எண்ணினால் முரண் நீங்கும். மன்னன் செலவிடுவது நாட்டின் பொருள். ஆதலின் அவன் அளந்தாக வேண்டும். இல்லறத்தான் விற்கத் துணிவது தன்னை. ஆதலின் அவனுக்கு அவ்வளவு கட்டாயமில்லை. அளவைக் கடப்பதால் வரும் இழப்பு யாரைச் சேர்கிறது என்னும் வினா இங்கேயே முளைவிடுகிறது. இக்கட்டுரை பற்றிச் செல்லும் இழையும் இதுவே.

மற்றொன்றையும் ஈண்டுத் தெளிவுபடுத்தல் வேண்டும். நடுவுநிலைமை என்பதும் நடுவில் நிற்றல் என்பதும் ஒன்றல்ல. பகைவர், அயலார், நண்பர் ஆகிய முத்திறத்தாரிடத்தும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்றலே நடுவுநிலைமை எனப் பரிமேலழகர் விளக்குவார். வள்ளுவர் அதற்குக் காட்டும் உவமை துலாக்கோல். துலாக்கோல் எடை வைக்கும் முன் நேர்நிற்கும். எடை வைத்த பின் கனத்த பக்கம் சாயும். சாய மறுக்கும் கோல் பழுதுற்ற கோல். கொடுமை இழைத்தவனுக்கும் இழைக்கப்பட்டவனுக்கும் இடையில் நின்று, 'இருவரும் சற்று விட்டுக்கொடுங்கள்' என்பவர் தம்மை நடுவுநிலையாளர் எனக் கருதலாம். அவர் கையிலிருப்பது சாய மறுக்கும் கோல்.

பாடலியும் திருநாதர் குன்றும்

திருவதிகையின் கதைக்குள் புகுமுன், அக்கதையில் எதிர்ப்பக்கமாகக் காட்டப்படும் சமணத்தின் அறவியலை அறிதல் நேர்மை. கெடிலம் கடலோடு கலக்கும் கடலூர்ப் பகுதியில் உள்ள திருப்பாதிரிப்புலியூரே பழைய பாடலி என்பது அறிஞர் பலர் துணிபு. அங்குச் சர்வநந்தி என்னும் சமண முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலைச் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் நிறைவுசெய்தார் என்பது அந்நூலின் பிற்கால வடமொழி வடிவம் தரும் செய்தி. நாவுக்கரசர் காலத்திற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, உலகின் அமைப்பை எண்ணி எழுதிய அறிவாளர் வாழ்ந்த இடம் அது.

சமண நெறி அளவை அறியாத நெறியன்று. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, காமம் ஒடுக்கல், பொருட்பற்று நீக்கல் என்னும் ஐந்து நோன்புகளையும் இல்லறத்தார்க்கு அணுவிரதம் எனச் சிறிதாக்கியும், துறவியர்க்கு மகாவிரதம் என முழுமையாக்கியும் அது வகுத்தது. பொருட்பற்றை முற்றும் விட இயலாத வணிகன், தன் உடைமைக்கு ஒரு வரம்பு கட்டிக்கொண்டால் போதும். பண்பு ஒன்று, ஆற்றலுக்கேற்ப அளவு இரண்டு.

அதே நெறியில் அளவின் எல்லையைக் கடந்தவரும் இருந்தனர். செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட பாறை உள்ளது. அக்குன்றிலுள்ள பழங்கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என அறிவிக்கிறது. கி.பி. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியதாக அதனைக் கருதுவர். தீர்க்கவொண்ணாத நோய், முதுமை, பஞ்சம், இடையூறு ஆகியவை நேர்ந்த காலத்தன்றிச் சல்லேகனை நோற்றலாகாது எனச் சமண நூல்கள் வரையறை செய்துள்ளன. அளவற்ற செயலுக்கும் அவர்கள் வாயில் அமைத்துக் காவல் வைத்தனர். இந்நோன்பு தற்கொலையா, அறமா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர் நீதிமன்றம் இதனைச் சட்டத்திற்கு மாறானதெனத் தீர்ப்பளிக்க, அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அவ்வழக்கின் முடிவு எதுவாயினும், சந்திரநந்தியின் 57 நாள்களும் அவருடைய உடலின்மேலேயே கழிந்தன என்பது ஐயமற்றது.

திலகவதியாரின் இரு முடிவுகள்

இனிப் பெரியபுராணம் கூறும் வரலாற்றுக்கு வருவோம். திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்தோர் திலகவதியாரும் மருணீக்கியாரும். திலகவதியார் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசப்பட்டார். மணம் நிகழுமுன் கலிப்பகையார் வடபுலத்தாரோடு பொரச் சென்றார். அதற்கிடையில் புகழனார் நோயுற்று மறைய, மாதினியாரும் உடன் உயிர்நீத்தார். கலிப்பகையார் போரில் பட்ட செய்தியும் வந்தது.

பெற்றோர் தம்மை அவர்க்கே உரியவராக்கினர். ஆதலின் தம் உயிரையும் அவரோடு சேர்ப்பதே முறை என்பது திலகவதியார் எடுத்த முதல் முடிவு. தாய் சென்ற வழியும் அதுவே. அக்காலத்து மதிப்பீட்டில் அது புகழுக்குரிய மிகை. தம்பி அவர் அடியில் வீழ்ந்து, தாய்தந்தையரை இழந்த பின்னும் தாம் உயிர் தாங்கியிருப்பது தமக்கை உளர் என்பதனாலேயே. அவர் போவாராயின் தாம் முன்னே போவதாக அழுதார். திலகவதியார் தம் முடிவை மாற்றிக்கொண்டார். தம்பி உயிர் தாங்க வேண்டித் தாமும் உயிர் தாங்கினார்.

இம்மாற்றத்தை அச்சத்தால் நேர்ந்த பின்வாங்கல் எனக் கொள்ளலாகாது. சாவுக்கும் வாழ்வுக்கும் இடைப்பட்ட ஒரு நடுப்புள்ளியை அவர் தேடவும் இல்லை. தம் துயரை விட ஒரு சிறுவனின் தனிமை கனமானது என்று அவருடைய உள்ளத்துத் துலாக்கோல் காட்டியது. அவர் அப்பக்கம் சாய்ந்தார். தம்மேலேயே செலவாகும் மிகையும், அதன் வழியே மற்றோர் உயிரைச் சென்று தாக்குமாயின், நிறுத்தத்தக்கது என்பது இங்கு நாம் பெறும் முதற் படிப்பினை.

மருணீக்கியார் வளர்ந்து அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் வைத்தார், சோலை வளர்த்தார், குளம் தொட்டார். நிலையாமை உணர்வு மீதூரப் பாடலியிலிருந்த சமணப் பள்ளியை அடைந்து, தருமசேனர் என்னும் பெயரோடு ஆசிரியரானார். திலகவதியார் திருவதிகைக்கு வந்து தங்கினார். விடியுமுன் எழுந்து திருவலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல் என்பன அவருடைய நாட்கடமைகள். அறத்தைப் பழக்கத்தால் பெறுவது என்று அரிஸ்டாட்டில் கூறியதற்கு, துடைப்பம் ஏந்திய இக்கைகளை விடச் சிறந்த சான்று தேவையில்லை.

தருமசேனரைச் சூலைநோய் பற்றியது. மருந்தும் மந்திரமும் பயன்படாத நிலையில் அவர் தம் அட்டிலாளனைத் தமக்கையிடம் அனுப்பினார். பள்ளிக்குத் தாம் வாரேன் எனத் திலகவதியார் மறுத்தார். இம்மறுப்பு சிலர்க்குக் கடுமையாகத் தோன்றும். ஆயின் தம்பியே இரவோடிரவாகத் திருவதிகை வந்து அடியில் வீழ்ந்தபோது, சென்ற ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்கவில்லை. திருநீறளித்து, விடியுமுன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். கொள்கையில் அசையாமையும் ஏற்றுக்கொள்வதில் அளவின்மையும் ஒருவரிடத்தே கூடி நின்ற காட்சி அது. நாவுக்கரசரின் முதற் பதிகம் அன்று பிறந்தது.

அரசாணையும் நாவுக்கரசரும்

செய்தி பல்லவ மன்னனுக்கு எட்டியது. அழைக்க வந்தோரிடம், அரசாணைக்குத் தாம் உட்பட்டவர் அல்லர் என நாவுக்கரசர் மறுத்தார். பின்னர் நிகழ்ந்தவையாகச் சேக்கிழார் கூறுவன யாவரும் அறிந்தவை: ஏழு நாள் நீற்றறை, நஞ்சு கலந்த பாற்சோறு, மதயானை, கல்லோடு பிணித்துக் கடலில் எறிதல். கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரை சேர்ந்தார் என்பது மரபு. கரையேறவிட்ட குப்பம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அந்நினைவைத் தாங்கி நிற்கிறது.

இவற்றின் அற்புதக் கூறுகளைப் பற்றுடையோர் ஏற்பர். ஏனையோர் உருவகமாகக் கொள்வர். அறவியல் நோக்கில் கருதத்தக்கது ஒன்றே. ஒரு நெறியிலிருந்து மற்றொரு நெறிக்கு மாறும் உரிமையை அரசு மறுத்தபோது, அம்மனிதர் இடைவழி எதுவும் தேடவில்லை. 'வெளியில் தருமசேனன், உள்ளத்தில் சிவனடியான்' என்று அளவோடு வாழ்ந்திருக்கலாம். அறிவுடையோர் பலர் அவ்வாறே அறிவுறுத்தியும் இருப்பர். மனச்சான்றில் பாதியை அரசனுக்கு வைக்க அவர் இசையவில்லை. அம்மறுப்பின் விலை முழுவதையும் தம் உடலால் கொடுத்தார். பிறர்மேல் கை ஓங்கவில்லை.

இடித்த பள்ளியும் எடுத்த கோயிலும்

கதை இங்கு முடிந்திருப்பின் நமக்கு எளிதாக இருந்திருக்கும். மனம் மாறிய மன்னன், பாடலியிலிருந்த சமணப் பள்ளியை இடித்து, அக்கற்களைக் கொணர்ந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று சேக்கிழார் கூறுகிறார். அதனைப் புகழ்ச் செயலாகவே பாடுகிறார். குணபரேச்சுரம் என்னும் பெயரோடு சிறு கோயில் ஒன்று இன்றும் திருவதிகையில் உள்ளது.

சேக்கிழார் அம்மன்னனைக் காடவன் என்றும் பல்லவன் என்றுமே குறிக்கிறார். குணபரன் என்பது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர் ஆதலின், அறிஞர் இருவரையும் ஒருவராகக் கொள்வர். திருச்சிராப்பள்ளிக் குடைவரையிலுள்ள வடமொழிக் கல்வெட்டு, குணபரன் மாற்று நெறியினின்று திரும்பிய செய்தியைச் சுட்டுவதாகக் கொண்டு, மதமாற்றத்திற்குச் சான்றாக அதனைக் காட்டுவர். ஆயினும் சேக்கிழார் வாழ்ந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டு. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் உள்ளன. பள்ளி இடிப்பு அவ்வாறே நிகழ்ந்ததா என்பதைப் புராணச் சான்று ஒன்றைக் கொண்டு மட்டும் அறுதியிட இயலாது.

அம்மன்னனுக்கு மற்றொரு முகமும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் ஒரே குடைவரையை அமைத்ததாகக் கல்வெட்டில் பொறித்தவன் அவன். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நகைநாடகத்தில் காபாலிகனையும் பாசுபதனையும் பௌத்தத் துறவியையும் எள்ளியவன். சமயங்களை நோக்கிச் சிரிக்கத் தெரிந்த ஒருவன், சமயத்தின் பொருட்டு ஒருவரை நீற்றறையில் இட்டான் என்பதும், பின்னர் முந்திய சமயத்தின் பள்ளியை இடித்தான் என்பதும் வியப்புக்குரியன. கதையின்படி அவன் மாற்றியது சமயத்தையே. அதிகாரத்தைக் கையாளும் முறையை மாற்றவில்லை.

சைவக் குடும்பத்தில் பிறந்து தேவார ஒலியில் வளர்ந்த எனக்கு, இவ்விடத்தை எழுதுவது எளிதன்று. 'மன்னனின் பத்தி மிகுதி' என்று கூறி வகுப்பறையில் இப்பகுதியைக் கடந்துசென்ற ஆண்டுகள் உண்டு. இடிக்கப்பட்ட பள்ளியில் சுவடி எழுதியவர், நோன்பிருந்தவர், அங்குச் சோறுண்ட ஏழையர் எங்குச் சென்றனர் என்று ஒரு மாணவி கேட்டாள். அவ்வினாவுக்கு விடை என்னிடம் இல்லை. ஆயினும் நாவுக்கரசரின் அளவின்மையையும் மன்னனின் அளவின்மையையும் ஒரே சொல்லால் போற்றுவதை அன்றே நிறுத்திக்கொண்டேன். முன்னவர் தம் உடலைக் கொடுத்தார். பின்னவன் பிறர் உறைவிடத்தை எடுத்தான்.

நாவுக்கரசரையும் இவ்வினாவினின்று முற்றும் விடுவித்தல் இயலாது. அவர் பதிகங்களில் சமணரைப் பழிக்கும் கடுஞ்சொற்கள் பல உள. பழையாறை வடதளியில், சமணர் மறைத்த சிவலிங்கத்தைக் கண்டாலன்றி உண்ணேன் என அவர் நோன்பிருக்க, மன்னன் கோயிலை மீட்டுச் சமணரை ஒறுத்தான் என்பது சேக்கிழார் வாக்கு. நோன்பு அவர் உடலின்மேல் தொடங்கிப் பிறர் உடலின்மேல் முடிந்தது. தன்னை வருத்திக்கொள்வதும், ஆணையிடும் கை அருகில் இருக்கும்போது, பிறரை வருத்தும் கருவியாகலாம். ஆகவே, விலையைத் தொடக்கத்தில் யார் கொடுக்கிறார் என்பதோடு, முடிவில் யார் கொடுக்க நேர்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். திலகவதியார் தம்பியின் கண்ணீரைக் கண்டு கேட்டது இவ்வினாவையே.

தில்லையின் வாயில்

அதிகாரம் உடையார் அளவைக் கடந்தால் விளைவதைக் கண்டோம். இனி, அதிகாரமற்றாரிடம் அளவைக் கற்பிப்பதால் விளைவதைக் காண இம்மாவட்டத்துத் தில்லைக்குச் செல்வோம்.

ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், கோயில் முழவுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்தும், வாயிலுக்கு வெளியே நின்றவர். தில்லைக்கு நாளைப் போவேன் என்று நாள்தோறும் கூறியதால் திருநாளைப்போவார் ஆனார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் தம் கீர்த்தனையில் நந்தனார்க்கு ஒரு நிலவுடைமையாளரைப் படைத்துச் சேர்த்தார். நடவு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்னும் அந்த ஆண்டையின் குரல் புராணத்தில் இல்லை. ஆனால் நாட்டில் இருந்தது. 'பொறு, அளவோடு கேள், காலம் கனியட்டும்' என்பதே அதன் சாரம். இவ்வறிவுரையைத் தருபவர் கோயிலுக்குள் நிற்பவர். காத்திருப்பின் வெயில் அவர்மேல் படுவதில்லை. தீண்டாமைக்கும் சமன்மைக்கும் இடையில் நடுப்புள்ளி காண்பது, களவுக்கும் நேர்மைக்கும் இடையில் நடுப்புள்ளி காண்பது போன்றதே.

புராணம் நந்தனாரை வேள்வித்தீயில் மூழ்கி எழச் செய்து உள்ளே அனுப்பியது. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கிய சுவாமி சகசானந்தர் வேறு வழியைக் கண்டார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தீயில் இறங்கத் தேவையில்லை. எழுத்தில் இறங்கட்டும் என்பது அவர் பணியின் பொருள். நோக்கத்தில் அவர் குறைத்துக் கேட்கவில்லை; வழியில் பிறரை வருத்தவில்லை. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் எல்லார்க்கும் வாயிலைத் திறந்தபோது, அப்பள்ளிக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது.

வடலூரின் அடுப்பு

அளவும் அளவின்மையும் தத்தம் இடத்தில் நிற்கும் தெளிவை இம்மாவட்டத்து மற்றொரு பெரியாரிடம் காணலாம். 1823இல் மருதூரில் பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், தம் 'நித்திய கரும விதி'யில் உணவு, உறக்கம் முதலிய அனைத்திற்கும் அளவு வகுத்தார். அரிஸ்டாட்டிலும் வள்ளுவரின் 'மருந்து' அதிகாரமும் மகிழத்தக்க நுண்மை அதில் உள்ளது. அதே அடிகள், 'சீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில், பசித்தவர்க்கு உணவளிக்கையில் நாடு, சமயம், சாதி, செய்கை என்னும் வேறுபாடுகளைக் கருதலாகாது என வரையறையின்றிக் கூறினார். புலால் உண்போரைத் தம் நெறிக்குப் புறத்தார் என வைத்தும், அவர் பசியை நீக்குவதில் விலக்கு வைத்தாரல்லர்.

1867 மே 23ஆம் நாள் வடலூரில் தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு அணையாது காக்கப்பட்டு வருகிறது. தன் வயிற்றுக்கு அளவு. பிறர் பசிக்கு அளவின்மை. ஏழாம் நூற்றாண்டின் மன்னன் தன் பற்றுக்கு அளவின்மையும் பிறர் பள்ளிக்கு இடிப்பும் வைத்தான். கெடிலக் கரைக்கும் வடலூருக்கும் தொலைவு மிகுதியன்று. அறத்தில் அவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியைக் கடக்க இம்மண்ணுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு: நுகர்ச்சியிலும் சினத்திலும் அதிகாரத்திலும் அளவே அறம். பிறர் துன்பம் நீக்குதலிலும் மனச்சான்றைக் காத்தலிலும் நீதி கேட்டலிலும் அளவை அறமெனக் காட்டுவது, பெரும்பாலும் வசதியின் மறுபெயர். அளவைக் கடக்கத் துணிவோர் தம்மைத்தாமே கேட்கத்தக்க வினா, இதன் விலையை யார் கொடுப்பர் என்பது. அளவைப் போதிக்க விழைவோர் கேட்கத்தக்க வினா, இக்காத்திருப்பின் சுமையை யார் தாங்குவர் என்பது. இரண்டு வினாக்களையும் தவிர்த்துவிட்டு நடுவில் நிற்பவர் நடுவுநிலையாளர் ஆகார்.

நாயன்மார் அறுபத்து மூவருள் திலகவதியார் எண்ணப்பெறவில்லை. காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்னும் மூன்று பெண்டிரோடு அத்தொகை நிறைவுறுகிறது. பதிகம் பாடாமலும், அரசனை எதிர்க்காமலும், கோயில் எடுக்காமலும் வாழ்ந்தவரைத் தொகைக்குள் அடக்க மரபுக்கு வழி தெரியவில்லை போலும். எனினும் எப்போது தம்மை நிறுத்திக்கொள்வது, எப்போது அசையாது நிற்பது, எப்போது கணக்குப் பாராமல் ஏற்பது என்னும் மூன்றையும் தெரிந்திருந்தவர் இவ்வரலாற்றில் அவர் ஒருவரே. திருவதிகை வீரட்டானத்தை வணங்கச் செல்வோர், நாவுக்கரசரை வணங்கிய பின், விடியுமுன் அலகேந்தி அங்கு முதலில் நுழைந்த அக்காளையும் ஒரு கணம் நினைத்தல் தகும்.